நீதிமன்ற வாசலில் நின்ற போதகர்கள்

கேள்வி: 1965-ல் ஜேம்ஸ் ரீப் போன்ற வெள்ளைப் போதகர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள செல்மாவுக்கு விமானத்தில் வந்து, கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் பேரணியில் இரண்டு நாள் நடந்துவிட்டுப் போனார்கள். படம் பிடித்துக்கொள்வதற்காகச் செய்த தொண்டாகத்தான் எனக்குத் தெரிகிறது. உள்ளூர்க் கறுப்பின மக்களுக்கு இதனால் என்ன கிடைத்தது?

பதில்: ரீப் திரும்பிப் போகவில்லை. மார்ச் 8 இரவு பாஸ்டனில் விமானம் ஏறினார். மறுநாள் மாலை, கறுப்பினத்தவர் நடத்திய உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு இரண்டு போதகர்களோடு நடந்து வந்தவரை வெள்ளையர் சிலர் தடியால் மண்டையில் அடித்தார்கள். அவரை பர்மிங்ஹாம் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ஆம்புலன்ஸின் டயர் போய்விட்டது. 11-ஆம் தேதி இறந்தார். இதைப் படத்துக்கான தொண்டு என்பது அநியாயம்.

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேட மிசிசிப்பி மாநிலத்தின் ஹாட்டீஸ்பர்க்குக்குப் போகவேண்டும். அந்த ஊர் இருக்கும் ஃபாரஸ்ட் மாவட்டத்தில் 1961-ல் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் ஏறத்தாழ 7,500 பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 30 பேர்கூட இல்லை. வாக்காளர் பதிவாளர் தெரன் லிண்ட் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று 1963-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியும் வழி திறக்கவில்லை.

வழி அடைபட்டிருந்த விதத்தைப் பாருங்கள். வாக்காளராகப் பதிவதற்கான விண்ணப்பத்தில் 21 கேள்விகள். மாநில அரசியல் சட்டத்திலிருந்து பதிவாளர் காட்டும் பிரிவை எழுதி, அதற்கு விளக்கமும் எழுதவேண்டும். எந்தப் பிரிவு என்பது அவர் விருப்பம். விளக்கம் சரியா என்பதும் அவர் விருப்பம். யாரும் உதவக்கூடாது. ஒரு கட்டம் விட்டுப்போனாலும் விண்ணப்பம் செல்லாது. ஏன் தள்ளினார்கள் என்று சொல்லவும் மாட்டார்கள். பிறகு விண்ணப்பித்தவரின் பெயர் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் அச்சாகும். இதில்தான் விஷமே இருந்தது. முதலாளி பார்ப்பார், வேலை போகும். கடைக்காரர் பார்ப்பார், கடன் நிற்கும்.

1964 ஜனவரி 22 அன்று சுமார் 50 மதகுருமார் பதிவாளர் அலுவலகம் இருந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்னால் மழையில் மறியல் செய்தார்கள். கலைந்து போகச் சொன்னது போலீஸ். அவர்கள் நகரவில்லை. கைது நடக்குமென்று எல்லோரும் எதிர்பார்த்தும், வரிசையில் நின்றவர்களை அன்று தொடவில்லை. கறுப்பினத் தலைவர் பாப் மோசஸை மட்டும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த மறியலின் பாதுகாப்பில், நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் வரிசையில் நின்று விண்ணப்பிக்க முயன்றார்கள். போதகரின் வெள்ளைத் தோலும் கழுத்துப் பட்டையும் அங்கே ஒரு கருவி. கறுப்பினத்தவரின் உரிமை இயக்கம் அதைத் தெரிந்தே பயன்படுத்தியது.

அதற்குப் பிறகும் வேறு வேறு போதகர்கள் முறைவைத்து வந்து, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் தங்கிப்போனார்கள். மறியல் மே வரை நடந்தது. அதை நிறுத்தவென்றே ஏப்ரல் 8-ஆம் தேதி மாநிலம் மறியல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு நாளில் கைதுகள் தொடங்கின. பகலில் மறியல் என்றால் இரவில் தேவாலயத்தில் விண்ணப்பப் பயிற்சி. இடையில் வீடுவீடாகப் போவது, ஜாமீன் பணம் திரட்டுவது.

அந்த ஆண்டுக் கோடையில் வந்த தொண்டர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு விதிகளைப் படித்தாலே நிலைமை புரியும். தனியாகப் போகாதே, இரவில் போகவே போகாதே. காரில் சுத்தியல், அரம், மதுப் புட்டி எதுவும் இருக்கக்கூடாது. சோதனை போட்டால் அதுவே வழக்காகும். வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசலில் நிற்காதே. ஜன்னலோரம் படுக்காதே.

குறை இல்லாமலா? இருந்தது. படித்த வெளியூர்க்காரர் தட்டச்சையும் கூட்டத்தையும் வேகமாகக் கையிலெடுத்துக்கொள்ள, உள்ளூர்க்காரர் ஒதுங்கிப்போனார்கள். விருந்தினர் ஊர் திரும்பினார். இடம்கொடுத்த வீடு அங்கேயேதான் இருந்தது. அதே ஹாட்டீஸ்பர்க்கில் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர் வெர்னன் டாமர், வாக்களிக்கக் கட்டவேண்டியிருந்த தலைவரியைத் தம் மளிகைக்கடையிலேயே கட்டலாம் என்று வானொலியில் அறிவித்தார். 1966 ஜனவரி 10 அன்று அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்தத் தீக்காயத்தில் இறந்தார்.

நீங்கள் கோபப்படவேண்டிய இடம் வேறு. செல்மாவுக்கு அருகே மேரியன் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சன், 26 வயது, தேவாலய உதவிக்காரர், தாயைக் காக்கப் போய் மாநிலக் காவலரிடம் குண்டடிபட்டு 1965 பிப்ரவரி 26 அன்று இறந்தார். செல்மா பேரணியே அவருக்காகத் தொடங்கியது. ரீபின் மனைவியிடம் ஜனாதிபதி ஜான்சன் தொலைபேசியில் பேசினார், மஞ்சள் ரோஜாக்கள் அனுப்பினார். ஜாக்சனின் தாய்க்கு அப்படி எதுவும் வரவில்லை. ரீப் கொலை வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரும் டிசம்பரில் விடுதலையானார்கள். ஜாக்சனைச் சுட்டவர் 2010-ல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு மாதம்.