கணக்கில் வராத தேர்வுகள்: சைபர்பங்க் விளையாட்டுகள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, பெருநிறுவனங்கள் ஆளும் இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் சைபர்பங்க் வகை வீடியோ கேம்களையும், அவை நம்மிடம் கேட்கும் அறத் தேர்வுகளையும் பற்றியவை. பதில்களில் கதை முடிவுகள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன என்பதை, இன்னும் விளையாடாதவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டை அண்மையில் முடித்தேன். எந்த முடிவைத் தேர்ந்தாலும் ‘வி’ என்ற முதன்மைப் பாத்திரத்துக்கு முழு மீட்சி கிடைப்பதில்லை. நல்ல முடிவே இல்லாத கதையில் நாம் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பொருள் இருக்கிறது?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டில், வியின் தலையில் பொருத்தப்பட்ட சில்லு, என்றோ இறந்துபோன ஜானி சில்வர்ஹேண்ட் என்ற இசைக்கலைஞரின் மனத்தை வியின் மூளைமீது சிறிது சிறிதாக எழுதிக்கொண்டே போகிறது. அதனால் கதை முழுவதும் ‘எப்படிப் பிழைப்பது’ என்பதே கேள்வி என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆனால் அரசாகா என்ற பெருநிறுவனத்தின் மீதான இறுதித் தாக்குதலுக்கு முன் மொட்டைமாடியில் உட்கார்ந்து நாம் உண்மையில் தீர்மானிப்பது, நம் உயிருக்காக யாரை ஆபத்துக்கு அழைத்துச் செல்வது என்பதைத்தான்.

பனாமையும் அவருடைய நாடோடிக் குடும்பத்தையும் துணைக்கு அழைத்தால், அந்தக் குடும்பத்தின் தலைவர் சால் கொல்லப்படுகிறார். ஜானியின் பழைய தோழி ரோக்கை அனுப்பினால் அவர் கொல்லப்படுகிறார். அரசாகா நிறுவனத்திடமே உதவி கேட்டால், அதன் இறந்துபோன தலைவரான முதியவர் சபுரோ தன் சொந்த மகனின் உடலில் குடியேறி மீண்டும் ஆட்சிக்கு வருவதற்கு வி துணைபோகிறார். அதற்கு ஈடாகக் கிடைப்பதோ, மனத்தை நிறுவனத்தின் சேமிப்பகத்தில் ஒப்படைக்கும் ஒப்பந்தம், அல்லது சில மாதங்களே மிஞ்சிய வாழ்வு. இவற்றோடு திரையில் தோன்றாத ஒரு வழியும் உண்டு. ஜானியுடனான உறவு போதிய அளவு வளர்ந்திருந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் சில நிமிடங்கள் காத்திருந்தால், யாரையும் அழைக்காமல் தனியாகவே செல்லலாம் என்ற பேச்சு எழும். அந்தத் தாக்குதலில் வி வீழ்ந்தால் மறுவாய்ப்பு கிடையாது; கதை அங்கேயே முடிந்துவிடும்.

‘நான் பிழைத்தேனா’ என்ற அளவுகோலை வைத்தால் இந்த முடிவுகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ‘என் பிழைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள்’ என்று கேட்டால், அவற்றுக்கிடையே மிகப்பெரிய வேறுபாடு தெரிகிறது. 2023 செப்டம்பரில் வந்த ‘ஃபேண்டம் லிபர்டி’ என்ற விரிவாக்கம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அதில் விக்கு உண்மையான சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் அதற்கு, தன்னைக் கருவியாக்கிய அரசிடமிருந்து தப்பி ஓடும் ‘சாங்பேர்ட்’ என்ற பெண்ணை அதே அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அவரோ குற்றமற்றவர் அல்லர். மருந்து ஒருவருக்கு மட்டுமே போதும் என்பதை மறைத்து வியை ஏமாற்றியவர். ஒரு பொய்யரின் விடுதலையை விற்று என் உயிரை வாங்கலாமா என்ற கேள்வியை இவ்வளவு நேராக நம் முன் வைத்த விளையாட்டுகள் மிகக் குறைவு. சிகிச்சை பெற்ற வி இரண்டாண்டு மயக்கத்திலிருந்து எழும்போது உடலில் சண்டைக் கருவிகளை இனி இயக்க முடியாது. நண்பர்கள் தத்தம் வழியில் போய்விட்டிருக்கிறார்கள்.

ஆனால் என் மனத்தில் இவற்றைவிட ஆழமாகத் தங்கியது ஒரு கிளைக்கதை. மேயர் பதவிக்குப் போட்டியிடும் ஜெஃபர்சன் பெராலெஸின் நினைவுகளை, யாரென்றே தெரியாத சிலர் தொலைவிலிருந்து மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மனைவி எலிசபெத்துக்கு அது தெரியும். சொல்ல வேண்டாம் என்று வியிடம் மன்றாடுகிறார். சொன்னால், அந்த மனிதர் யாரையும் நம்ப முடியாத அச்சத்தில் விழுகிறார். சொல்லாவிட்டால், யாரோ வடிவமைத்த மனிதராக அமைதியாக வாழ்கிறார். பின்னணியில் இருப்பவர் யார் என்பதை விளையாட்டு கடைசிவரை சொல்வதில்லை. எது சரி என்ற தீர்ப்பையும் அது வழங்குவதில்லை. நான் சொல்லிவிடுவதையே தேர்ந்தேன், இன்றும் அதையே தேர்வேன். தன் மனம் தன்னுடையதா என்று அறியும் உரிமை ஒருவருடைய நிம்மதிக்கும் முந்தியது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பல விளையாட்டுகள் நல்லது செய்பவருக்கே கூடுதல் புள்ளிகளையும் பரிசுகளையும் தருகின்றன. அப்படியானால் நாம் செய்வது அறமா, வெறும் கணக்கா?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: பரிசு தெரிந்துவிட்ட இடத்தில் பெரும்பாலும் அது கணக்குத்தான். 2007இல் வந்த ‘பயோஷாக்’ சைபர்பங்க் வகையைச் சேர்ந்ததன்று என்றாலும், நீங்கள் கேட்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கடலடி நகரத்தில் சந்திக்கும் சிறுமிகளைக் கொன்றால் ‘ஆடம்’ என்ற பொருள் 160 அலகு கிடைக்கும். காப்பாற்றினால் 80 அலகுதான். பார்த்தவுடன் கருணைக்குப் பெரிய விலை இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றும்போதெல்லாம் ஒரு பரிசுப்பொதி வந்து சேர்கிறது. அதில் ஆடமும், வேறெங்கும் கிடைக்காத சில ஆற்றல்களும் இருக்கின்றன. முடிவில் நல்லவருக்கும் கொடியவருக்கும் இடையிலான இழப்பு மிகச் சிறியதாகிவிடுகிறது. தியாகம் செய்ததாக நினைத்தவர் உண்மையில் முதலீடுதான் செய்திருக்கிறார்.

2011இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்: ஹ்யூமன் ரெவல்யூஷன்’ விளையாட்டிலும் இதே குறை உண்டு. எதிரியைக் கொல்லாமல் மயக்கமடையச் செய்தால், கொல்வதைவிட அதிக அனுபவப் புள்ளிகள் வரும். அதனால் இரக்கமே இல்லாத ஒருவரும் லாபத்துக்காக இரக்கமுள்ளவராக விளையாடுவார். முரண் என்னவென்றால், இப்படி யாரையும் கொல்லாமல் வந்தவரையும், வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துச் செய்யப்பட்ட முதன்மை எதிரிகளுடனான சண்டைகள் கொலைக்குக் கட்டாயப்படுத்தின. 2013இல் வந்த திருத்தப் பதிப்பு அந்தக் களங்களை மாற்றியமைத்தது. எனினும் அந்த மரணங்கள் மாறவில்லை.

இதற்கு மாறாக, அயன் ஸ்டார்ம் நிறுவனத்தில் வாரன் ஸ்பெக்டர் தலைமையில் உருவாகி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ‘டியூஸ் எக்ஸ்’ விளையாட்டை நினைத்துப் பாருங்கள். அதில் அறத்தை அளக்கும் மானி எதுவும் இல்லை. நீங்கள் ஐ.நா.வின் பயங்கரவாத எதிர்ப்புப் படையில் புதிதாகச் சேர்ந்தவர். முதல் பணியிலேயே உங்கள் அண்ணன் பால், எதிரிகளும் மனிதர்களே, இயன்றவரை கொல்லாதே என்று சொல்லி, மயக்க அம்பு எய்யும் சிறு வில்லையும் தர முன்வருகிறார். லிபர்டி தீவில் கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளிவிட்டுத் தலைமையகம் திரும்பினால், ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரான முதியவர் கார்ட்டர் உங்களைக் கண்டிக்கிறார். உடன் பணியாற்றும் ஆனா நவார், கொல்லத் தயங்குபவரை இளக்காரமாகப் பார்க்கிறார். ஆக, ஒரே செயலை இருவர் இரு விதமாக எடைபோடுகிறார்கள். யாருடைய எடையை ஏற்பது என்பது உங்களிடம் விடப்படுகிறது.

பிறகு ஒரு விமானத்துக்குள், சரணடைந்து கையில் ஆயுதமின்றி நிற்கும் லெபதேவ் என்பவரைக் கொல்லும்படி ஆனா உத்தரவிடுகிறார். திரையில் எந்தப் பட்டியலும் எழாது. உத்தரவை நிறைவேற்றலாம், ஒதுங்கி நின்று ஆனாவே செய்யட்டும் என விடலாம், அல்லது சொந்தப் படையைச் சேர்ந்த ஆனாவையே எதிர்த்துத் தாக்கலாம். இந்த மூன்றாவது வழி இருக்கிறது என்பதை விளையாட்டு எங்கும் குறிப்பிடுவதில்லை. அதிகாரம் கொடுத்த விருப்பங்களுக்கு வெளியிலும் ஒரு விருப்பம் இருக்கலாம் என்பதை ஆட்டக்காரர் தாமே நினைத்துப் பார்த்தால்தான் அது கிடைக்கிறது. 26 ஆண்டுகளில் இதை விஞ்சும் காட்சியை இந்த வகை விளையாட்டுகளில் நான் கண்டதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இந்த விளையாட்டுகள் சிந்திக்க வைப்பவை என்று சொல்லி வாங்கித் தரக் கேட்கிறான். அனுமதிக்கலாமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: ‘சைபர்பங்க் 2077’ ஐரோப்பிய வயதுத் தரப்படுத்தலில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அதன் வன்முறையும் பாலியல் காட்சிகளும் அந்த முத்திரைக்குக் காரணமானவை. மூன்றாண்டுகள் காத்திருக்கட்டும்.

அதற்கு முன் அவனோடு சேர்ந்து நீங்களும் விளையாடிப் பார்க்கக்கூடியது, லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. இது எதிர்காலத் தொழில்நுட்பக் கதையன்று. ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் ஊழியராக நாம் இருக்கிறோம். உடல் பரிசோதனைப் படங்களில் நிர்வாணத்தை மறைக்கும் வசதி அமைப்புகளில் உள்ளது. தொடங்குமுன் அதைச் சரிபார்த்துவிடுங்கள். சரியான ஆவணங்களோடு ஒரு கணவர் வருகிறார். அடுத்து வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவரை அனுப்பினால் எச்சரிக்கைச் சீட்டு விழும். நாளொன்றுக்கு முதல் இரண்டு சீட்டுகளுக்கு மட்டும் அபராதம் இல்லை, அதன்பின் சம்பளத்தில் பிடித்தம். வீட்டில் சாப்பாட்டுக்கும் குளிர்காய்வதற்கும் அந்தச் சம்பளம்தான். பயோஷாக்கைப் போல இங்கே கருணைக்குப் பரிசுப்பொதி வராது. உங்கள் மகன் அந்த மனைவியை அனுப்பினானா, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல உரையாடலுக்கு அது போதும்.

கேள்வி: மக்களின் துயரத்தையும் கோபத்தையும் நீக்கிவிடும் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனம் கொண்டுவருவதும், அதைத் தடுக்க நாயகர்கள் போராடுவதும் ‘தி ரெட் ஸ்டிரிங்ஸ் கிளப்’ விளையாட்டின் கதை. மனச்சோர்வால் வாடுபவர்களைப் பார்த்திருக்கும் எனக்கு, தடுப்பது ஏன் நல்லது என்றே புரியவில்லை.
— உளவியல் மாணவி, கோவை

பதில்: உங்கள் ஐயம் நேர்மையானது, அந்த விளையாட்டும் அதைத் தட்டிக்கழிப்பதில்லை. ஸ்பெயினின் டிகான்ஸ்ட்ரக்டீம் குழு 2018இல் வெளியிட்ட அதில், மதுக்கூடம் நடத்தும் டோனவன், வருபவரின் குறிப்பிட்ட உணர்ச்சியைத் தூண்டும் பானத்தைக் கலந்து கொடுத்து அவர்களிடமிருந்து உண்மைகளைக் கறக்கிறார். அதாவது, மனித உணர்ச்சிகளில் நிறுவனம் கைவைக்கக் கூடாது என்று போராடுபவரே, ஒவ்வொரு கோப்பையிலும் அதையே செய்துகொண்டிருக்கிறார். அகாரா என்ற இயந்திரப் பெண் அவரிடம் கேள்விகளை அடுக்குகிறாள்: எந்தத் துயரத்தை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது, எல்லையை யார் வரைவது? நாம் அளிக்கும் பதில்களே ஒன்றோடொன்று முட்டுவதை அங்கே காண்கிறோம்.

துயரம் உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். மனச்சோர்வுக்கு மருத்துவம் வேண்டும், அது எல்லோருக்கும் எட்ட வேண்டும். நீங்கள் பார்த்தவர்கள் மருத்துவரை நாடிச் செல்லும்போது சம்மதம் அவர்களுடையது, நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அவர்களுடையது. ஆனால் கதையின் நிறுவனம் யாரையும் கேட்காமல் எல்லோருடைய மனத்தையும் திருத்த முனைகிறது. அநீதியைக் கண்டு எழும் கோபமும் துடைக்கப்பட வேண்டிய குறைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டால், அந்த நிறுவனத்தையே எதிர்த்துக் கேட்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். என் எதிர்ப்பு சிகிச்சைக்கு அன்று, சம்மதம் கேட்கப்படாததற்கு.

கேள்வி: முந்தைய ‘சேவ்’ கோப்புக்குத் திரும்பி எதையும் மாற்றிக்கொள்ள முடியும்போது, விளைவுகளுக்கு என்ன மதிப்பு?
— வங்கி ஊழியர், யாழ்ப்பாணம்

பதில்: விளைவு உடனே தெரிந்தால்தான் திரும்பிச் சென்று மாற்றத் தோன்றும். அதனால் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் விளைவைத் தள்ளிவைக்கிறார்கள், அல்லது தேர்வு நடப்பதையே அறிவிக்காமல் விடுகிறார்கள். ‘ஹ்யூமன் ரெவல்யூஷன்’ தொடக்கத்தில், தொழிற்சாலையில் பிணைக்கைதிகள் காத்திருக்க, ஹெலிகாப்டர் உங்களுக்காக நிற்கிறது. வேறு விளையாட்டுகள் பழக்கியபடி அலுவலக அறைகளைத் துழாவிக்கொண்டு நின்றால், நீங்கள் போய்ச் சேருமுன் அவர்கள் இறந்திருப்பார்கள். கதையின் நடுவில், உடற்கருவிகளில் கோளாறு வருவதால் எல்லோரும் சில்லை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது; நம்பி மாற்றிக்கொண்டவர், பல மணி நேரம் கழித்து ஒரு கடும் சண்டையின் தொடக்கத்தில் தன் கருவிகள் அனைத்தையும் இழந்து நிற்பார். அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போய் மாற்ற யாருக்கும் மனம் வராது.

2022இல் வந்த ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’ வேறு வழியில் செல்கிறது. தன் உடலுக்கே உரிமையாளரான நிறுவனத்திடமிருந்து தப்பி, ஒரு விண்வெளி நிலையத்தில் ஒளிந்து வாழும் செயற்கை மனிதராக நாம் இருக்கிறோம். உடல் தேயத் தேய, ஒவ்வொரு நாளும் கிடைக்கும் பகடைகளின் எண்ணிக்கை குறைகிறது. அந்தச் சில பகடைகளை மருந்துக்கான வேலையில் செலவிடுவதா, பக்கத்தில் குழந்தையோடு அல்லாடும் தொழிலாளிக்கு உதவுவதில் செலவிடுவதா என்பது தினசரிக் கேள்வி. விளையாட்டு தானாகவே பதிந்துகொண்டு முன்னே செல்வதால், செலவழித்த பகடை செலவழித்ததுதான்.

இவ்வளவுக்குப் பிறகும், பழைய கோப்புக்குத் திரும்புவதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ‘ஹ்யூமன் ரெவல்யூஷன்’ விளையாட்டில், ஹெங்ஷா நகரில் நம் விமானி மாலிக்கின் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்படும்போது, தன்னை விட்டுவிட்டு ஓடும்படி அவரே கத்துகிறார். விளையாட்டும் அதை ஒரு கட்டளைபோலவே ஒலிக்க விடுகிறது. பலர் ஓடிவிட்டு, பின்னர் அவர் உடலைக் கண்ட பிறகே, நின்று போராடியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அறிகிறார்கள். எந்தப் பரிசுக்காகவும் அல்லாமல் அவருக்காக மட்டுமே, மணிக்கணக்கான ஆட்டத்தைத் துறந்து பழைய கோப்புக்குத் திரும்புபவர் செய்வதும் ஒரு தேர்வுதான். அதற்கான விலையை அவர் தன் நேரத்தில் கொடுத்திருக்கிறார்.