கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் வருகிறது. கிளட்ச் செட்டை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். கியர் ஆயிலை வடித்துப் பார்க்கும் வரையாவது வேண்டாம்.

பெடலை மிதித்தால் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். நியூட்ரலில் அப்படி மிதிக்கும்போது, எஞ்சின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவது நிற்கும். சத்தமும் அதோடு அடங்குகிறது என்றால் முதலில் அந்த ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதித்ததும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகரில் என் வண்டி சக்கரம் முங்கத் தண்ணீரில் நின்றது. வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சில வாரங்களில், இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கீழிருந்து உறுமல். பெரிய ஒர்க்ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வண்டியில் ஏறி உட்காரக்கூட இல்லை. “பெண்கள் ஓட்டும் வண்டி என்றால் இப்படித்தான் மேடம், கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பீர்கள்” என்றார்.

என் அப்பா கடலூர் முதுநகரில் லாரி ஓட்டியவர். நான் பழகும்போது பெடல் மேல் சும்மா கால் இருந்தால் முழங்காலிலேயே ஒன்று வைப்பார். மிதித்தால் சத்தம் நிற்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கிளட்ச் செட்டை மாற்றிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். உறுமல் அப்படியே இருந்தது.

பிறகு மஞ்சக்குப்பத்தில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். “மிதி பாப்பா... இப்போது விடு” என்று காது கொடுத்துக் கேட்டார். அடியில் படுத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் கொட்டியது, கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். கியர் பாக்ஸை இறக்கி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றச் சொன்னார். கரகரவென்று திக்கித் திக்கிச் சுற்றியது. கிளட்ச் மாற்றவும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த ஒர்க்ஷாப்பில் இதே ஷாஃப்ட் கண்ணெதிரே இருந்திருக்கிறது, ஒருவரும் சுற்றிப் பார்க்கவில்லை. இதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

எல்லா மெக்கானிக்குகளையும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் நியூட்ரலில் சத்தம் வருமே என்று யாராவது கேட்பீர்கள். வரும், ஆனால் அது கடகடவென்று உதறும். பேரிங் ஒரே சுருதியில் உறுமும், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாமல் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் செட்டை மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. என் பெயரில், காப்பீடு என் பெயரில், தவணை என் சம்பளத்தில். ஆனால் விவரம் சொல்ல என் கணவருக்குத்தான் போன் போகிறது. “சார் வரவில்லையா?” என்று கேட்காத கவுண்ட்டரே இந்த ஊரில் இல்லை.

உங்கள் வண்டி தண்ணீரில் நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றிருந்தால் இன்றைக்கே கியர் ஆயிலை வடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று நிறத்தைப் பாருங்கள். புது ஆயில் ஊற்றினால் கெட்டுப்போன பேரிங் சரியாகாது, மற்ற பேரிங்குகளாவது பிழைக்கும்.