ஆன்லைனில் பரதம்: முதலில் வாங்க வேண்டியது பலகை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. சென்னையில் இருக்கும் டீச்சர் ஒருவரிடம் அடுத்த மாதம் முதல் ஆன்லைனில் பரதநாட்டியம் கற்கப் போகிறாள். கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். ஹால் 12க்கு 10 அடி, டைல்ஸ் தரை. பெரிய டிவி, ரிங் லைட், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் வாங்க நினைக்கிறோம். எது அவசியம்?

பதில்: டிவியும் ரிங் லைட்டும் இப்போதைக்கு இருக்கட்டும். அந்தப் பணத்தைத் தரைக்குச் செலவிடுங்கள்.

பரதத்தில் அடிப்படை அசைவுகளை அடவு என்போம். குழந்தைக்கு அதில் முதலில் வருவது தட்டடவு. அரைமண்டியில், அதாவது முழங்காலை இரு பக்கமும் விரித்து மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தபடி ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்கு முழுப் பாதத்தையும் தூக்கித் தட்ட வேண்டும். ஒரே வகுப்பில் இது நூற்றுக்கணக்கான தட்டு ஆகிவிடும். கான்கிரீட்டின் மேல் பதித்த டைல்ஸ் அந்த அதிர்வைத் துளியும் தாங்கிக்கொள்ளாது. குதிகால், முன்னங்கால் எலும்பு, முழங்கால் என்று அது மேலே ஏறும். “அந்தக் காலத்தில் கோயில் கருங்கல்லில் ஆடவில்லையா?” என்று கேட்கிற பெற்றோர் உண்டு. ஆடினார்கள்தான். அதற்காகத் தினமும் பயிற்சி செய்கிற, வளரும் காலை நாம் கல்லில் மோதவிட வேண்டியதில்லை.

8க்கு 4 அடி பிளைவுட் பலகை இரண்டு, 12 எம்எம் கனத்தில் வாங்குங்கள். முழுப் பலகை லிஃப்டில் ஏறாது. கடையிலேயே 4க்கு 4 அடியாக நான்கு துண்டு போடச் சொல்லுங்கள். சேர்த்து வைத்தால் 8க்கு 8 அடி கிடைக்கும். அடியில் கெட்டியான ரப்பர் ஷீட் விரியுங்கள். பலகை வழுக்காது, சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், கீழ் வீட்டுக்குப் போகும் சத்தமும் குறையும். விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, இணைப்புகளின் மேல் துணி டேப் ஒட்டுங்கள். வெறுங்காலில் ஆடுகிறவளுக்கு ஒரு சிராய் குத்தினாலே இரண்டு வாரப் பயிற்சி போய்விடும். பளபளவென்று வார்னிஷ் அடிக்காதீர்கள், வியர்த்தால் வழுக்கும். வகுப்பு முடிந்து சுவரில் சாய்த்து வைத்தால் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

யோகா மேட்டிலோ, பொருத்திக்கொள்ளும் ஸ்பாஞ்ச் மேட்டிலோ ஆட விடாதீர்கள். அரைமண்டியில் கால் விரிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். மேட்டில் பாதம் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டுவது முழங்கால். தொடை வலித்தால் பயப்பட வேண்டாம், அரைமண்டி பழகும் எல்லோருக்கும் வலிக்கும். முழங்காலோ முன்னங்கால் எலும்போ வலிப்பதாகச் சொன்னால் அன்றைக்கே நிறுத்தி டீச்சரிடம் சொல்லுங்கள். ஓய்வெடுத்தும் தீராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது கேமரா. போனை மேஜையில் சாய்த்து வைத்து, இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் என் ஆன்லைன் வகுப்புக்கு வரும் குழந்தைகளை நிறையப் பார்க்கிறேன். பாதம் தெரியாத வகுப்பில் நான் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? போனைப் படுக்கை வாட்டில் ஸ்டாண்டில் பொருத்துங்கள். நிமிர்த்தி வைத்தால், நாட்டடவில் கையை நீட்டிப் பக்கவாட்டில் போகும்போது பாதி உடம்பு காணாமல் போகும். உயரம் அவளுடைய இடுப்பளவு இருக்கட்டும். தரையில் வைத்து மேல்நோக்கிக் காட்டினாலும், அலமாரி மேலிருந்து கீழ்நோக்கிக் காட்டினாலும் அரைமண்டியின் ஆழம் டீச்சருக்குத் தப்பாகத்தான் தெரியும். உங்கள் ஹாலின் 12 அடி நீளத்தில் ஒரு முனையில் போனும் மறு முனையில் பலகையும் வைத்தால் தலை முதல் கால் வரை அடங்கும். வாரம் ஒருமுறை அவளைப் பக்கவாட்டில் திரும்பி நின்று ஆடச் சொல்லுங்கள். இடுப்பு பின்னால் தள்ளுவதும் முதுகு வளைவதும் நேர்பார்வையில் சிக்காது.

வெளிச்சத்துக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் இருந்தால் போதும்.

சத்தம் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கவனிக்காமல் விடுவது இது. வகுப்பில் என் பாதி வேலை காதுக்குத்தான். முழுப் பாதமும் ஒன்றாக விழுந்தால் ஒரே ‘தட்’. குதிகால் முந்தினால் சத்தம் உடைந்து இரண்டாகக் கேட்கும். வீடியோ கால் செயலிகள் பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஓசையை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகின்றன. தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையும் பாதத்தின் ஓசையும் அதில் காணாமல் போகும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு வசதி உண்டு. அதை இயக்கி வையுங்கள்.

இன்னொன்று, தாளம் தாமதமாக வருவது. ஒவ்வொரு அடவையும் மூன்று வேகத்தில் ஆடுவோம், அந்த வேகத்தைத்தான் காலம் என்கிறோம். முதல் காலத்தில் ஒரு விநாடிக்கு ஒரு தட்டு என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இணையத்தில் கால் விநாடி தாமதித்தாலே மூன்றாம் காலத்தில் ஒரு தட்டு முழுசாகத் தள்ளிப்போகும். டீச்சர் சென்னையில் தட்டுவது கோவைக்குத் தாமதமாக வரும்; அதற்குச் சரியாகவே உங்கள் மகள் ஆடினாலும், அது திரும்பச் சென்னை போய்ச் சேர இன்னும் தாமதம். டீச்சர் கண்ணுக்குக் குழந்தை தாளம் தப்புகிறாள். ஆகவே தாளம் குழந்தை இருக்கும் அறையிலேயே ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு அடவுக்கும் மூன்று காலத்திலும் சொல்லுக்கட்டை, அதாவது ‘தெய்யா தெய்’ போன்ற தாளச் சொற்களைப் பதிவு செய்து அனுப்பும்படி டீச்சரைக் கேளுங்கள். வகுப்பில் அதை உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் போட்டு ஆடட்டும். அந்த நேரம் டீச்சர் தன் மைக்கை அணைத்து வைக்கட்டும். தாளமும் ஆட்டமும் சேர்ந்தே அவரைப் போய்ச் சேரும், பிசகு இருந்தால் அது உண்மையான பிசகு. முடிந்தால் தட்டுக்கழியும் அதைத் தட்டும் மரக்கட்டையான மனையும் ஒரு ஜோடி வாங்கி, முதல் காலம் மட்டும் நீங்களே தட்டப் பழகுங்கள். அம்மா தட்ட மகள் ஆடும் வீட்டில் பயிற்சி தவறுவது குறைவு என்பது என் அனுபவம்.

கண்ணாடி இருந்தால் தனியாகப் பயிற்சி செய்யும்போது அரைமண்டி பார்த்துக்கொள்ள உதவும். வகுப்பு நேரத்தில் துணி போட்டு மூடிவிடுங்கள். இல்லையென்றால் கண் கையோடு போகாமல் கண்ணாடிக்கே போகும். திரையில் தன் உருவம் தெரிவதையும் மறைத்து வையுங்கள். டீச்சர் எதிரே நின்று ஆடும்போது அவர் வலது கையை எடுத்தால் இவள் எந்தக் கையை எடுப்பது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும், முழங்காலைத் தொட்டு விரித்துக் காட்டும் கை திரை வழியே வராது. பள்ளி விடுமுறையில் ஒரு வாரமாவது சென்னைக்கு அழைத்துப் போய் நேரில் ஆடிக் காட்ட முடியுமா என்று இப்போதே டீச்சரிடம் பேசுங்கள். சலங்கைக்கு அவசரம் இல்லை. அவர் எப்போது சொல்கிறாரோ அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

பலகை போட்ட அன்று மாலை அவளைத் தட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழ் வீட்டில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். எந்த நேரம் அவர்களுக்குத் தொந்தரவில்லை என்று கேட்டுக்கொண்டு வகுப்பு நேரத்தை வையுங்கள்.