முதல் வெளி வாடிக்கையாளரைப் பற்றிக் கேளுங்கள்

குடிபெயர்ந்தோர் புதிய பண்பாட்டுக்குப் பழகும் காலத்திலேயே எப்படித் தொழில் தொடங்குகிறார்கள் என்பதை ஆய்வுக்கு எடுத்திருப்பதாகவும், நீங்களே புதிதாக வந்தவர் என்பதால் யாரிடம் என்ன கேட்பது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். குடிபெயர்ந்து வந்து கடை நடத்துபவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

"ஏன் தொழில் தொடங்கினீர்கள்?" என்ற கேள்வியோடு போகாதீர்கள். அதற்குப் பலரிடம் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதில் துணிச்சலும் உழைப்பும் வரும், ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் பிணைக் கையெழுத்துப் போட்டவர் யார், முதல் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவர் யார் என்பவை வாரா. அவற்றைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் சமூகத்தைச் சேராத முதல் வாடிக்கையாளர் எப்போது வந்தார், அவருக்காகக் கடையில் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். விலைப்பட்டியல் எழுதி மாட்டியது, பேரத்தை விட்டது, நோட்டில் கடன் எழுதுவதை நிறுத்தி ரசீது கொடுக்கத் தொடங்கியது என்று ஒவ்வொன்றையும் நினைவுகூர்ந்து சொல்வார்கள். முதலில் பண்பாட்டுக்குப் பழகி, பிறகு தொழில் தொடங்குகிறார்கள் என்று வரிசைப்படுத்திவிட வேண்டாம். பலருக்கு அந்தப் பழக்கமே கல்லாவில் நின்றுதான் வந்தது.

சொந்தப் பண்பாட்டைக் காப்பது, புதிய சமூகத்தோடு உறவாடுவது என்ற இரண்டையும் வைத்து உளவியலாளர் ஜான் பெர்ரி வகுத்த நான்கு வழிகளை (இரண்டையும் செய்வது, முதலாவதை மட்டும் செய்வது, இரண்டாவதை மட்டும் செய்வது, இரண்டையும் விடுவது) நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரே மனிதர் வீட்டில் ஒரு வழியிலும் கடையில் வேறு வழியிலும் நடப்பதை நான் பார்க்கிறேன். ஆகவே ஆளுக்கு ஒரு கட்டம் என்று அடைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சீன, ஜப்பானியக் குடியேறிகள் சீட்டுப் பிடித்து மூலதனம் திரட்டிய விதத்தைச் சமூகவியலாளர் ஐவன் லைட் 1972இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். சமூக உறவுகளோடு நாட்டின் சந்தையையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை 1999இல் க்ளோஸ்டர்மன், வான் டெர் லூன், ராத் ஆகிய ஆய்வாளர்கள் வலியுறுத்தினர். இது மிகவும் சரி. முடிதிருத்தவே சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. அங்கே கைத்திறன் மட்டும் கடை திறக்க உதவாது.

நான் கணக்கு எழுதும் ஒரு தையல் கடையில், வரி அலுவலகக் கடிதம் வந்தால் பள்ளி விட்டு வரும் மகள்தான் முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் வாசித்துப் பொருள் சொல்வாள், தந்தை "அபராதமா, நினைவூட்டலா?" என்று மட்டும் கேட்பார். உரிமையாளர் என்று பதிவேட்டில் இருப்பவர் அவர் ஒருவரே. மனைவி, பிள்ளைகளின் உழைப்பு எந்தத் தாளிலும் இல்லை என்பதால், அவர்களிடம் தனியாகப் பேச இசைவு கேளுங்கள்; சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

நிலைத்து நிற்கும் கடைகளை மட்டும் பார்த்தால் முடிவு கட்டாயம் கோணலாகும். மூடியவர்களைத் தேட மொத்த வியாபாரிகளிடம் போங்கள். யார் சரக்கு எடுப்பதை நிறுத்தினார்கள் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலில் செல்லுங்கள். பெயர் வெளிவராது என்பதைக் கடைக்காரர்களின் மொழியிலேயே எழுதிக் கொடுங்கள். ஒலிப்பதிவை இரண்டாம் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.