வாசகர் கேள்வி: போர்க்களத்துக்கு மேலே ஒரு தனியார் வலை

உக்ரைன் போர்ச் செய்திகளில் ஸ்டார்லிங்க் என்ற பெயர் ஓயாமல் அடிபடுகிறது. செயற்கைக்கோள் வழித் தொடர்பு பல பத்தாண்டுகளாக இருந்துவருவதுதானே? இதில் என்ன புதுமை?
– வாசகர், ஈரோடு

பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு போர் தொடங்கிய நாளிலேயே வெளிப்பட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் எல்லையைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பாக, அமெரிக்காவின் வியாசாட் நிறுவனம் நடத்திவந்த கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை முடங்கியது. விண்ணில் இருந்த செயற்கைக்கோளை யாரும் தொடவில்லை. தரையில் இருந்த மேலாண்மைக் கட்டமைப்புக்குள் நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்களின் பல்லாயிரம் மோடம்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். அந்த மோடம்களை நம்பியிருந்த ஜெர்மனியின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. இந்தத் தாக்குதலுக்கு ரஷ்யாவே பொறுப்பு என்று ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவை அந்த ஆண்டு மே மாதத்தில் அறிவித்தன.

இரண்டு நாள் கழித்து, உக்ரைனின் அப்போதைய துணைப் பிரதமரும் எண்மியத் துறை அமைச்சருமான மிகைலோ ஃபெதோரோவ், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்தை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க்கிடம், ட்விட்டரில் எல்லோரும் பார்க்கும்படியாகவே உதவி கேட்டார். சில மணி நேரத்தில் 'சேவை தொடங்கிவிட்டது' என்று பதில் வந்தது. 28ஆம் தேதி முதல் தொகுதிக் கருவிகளும் உக்ரைனுக்கு வந்து சேர்ந்தன. தூதரகமோ ஒப்பந்தமோ நாடாளுமன்ற விவாதமோ இல்லாமல் இது நடந்தது. அந்த வேகத்தை அன்று எல்லோரும் மெச்சினார்கள், நானும் மெச்சினேன்.

கேஏ-சாட் போன்ற பழைய வகைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. ஒரு செய்தி மேலே போய் இறங்கி, அதற்கான பதிலும் அதே வழியில் வந்து சேர்வதற்குள் அரை நொடிக்கு மேல் கழிந்துவிடும். மின்னஞ்சலுக்கு அது போதும். ட்ரோன் அனுப்பும் படத்தைப் பார்த்துப் பீரங்கிக்குத் திருத்தம் சொல்கிறவருக்குப் போதாது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே ஆயிரக்கணக்கில் சுற்றுவதால், தாமதம் ஒரு நொடியில் நூற்றில் சில பங்காகச் சுருங்கிவிடுகிறது. தரையில் இருக்கும் தட்டும் சிறியது. கார் பேட்டரியில்கூட இயங்கக்கூடியது. போர்முனையில் அதை நம் ஊர் மொட்டைமாடி டிஷ் போல உயர்த்தி வைப்பதில்லை. வெள்ளை நிறத் தட்டு வானத்திலிருந்து பளிச்சென்று தெரியும் என்பதால், குழி வெட்டி அதற்குள் தட்டை வானம் பார்க்கக் கிடத்தி, மேலே மறைப்பு வலை விரித்து, கேபிளைப் பதுங்குகுழி வரை இழுத்துக்கொள்கிறார்கள். தட்டு எதிரியின் கண்ணில் பட்டாலும் ஆள் தப்பிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

கிரிமியா தாக்குதலின்போது மஸ்க் இணையத்தை அணைத்துவிட்டார் என்கிறார்கள். அவரோ இல்லை என்கிறார். உண்மை எது?
– வாசகி, தஞ்சாவூர்

இதில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று குழம்பிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2022இல் வெடிமருந்து ஏற்றிய ஆளில்லாப் படகுகளை, ரஷ்யா 2014இல் பிடித்துக்கொண்ட கிரிமியாவின் ஸெவஸ்தபோல் துறைமுகத்திலிருந்த ரஷ்யக் கடற்படையை நோக்கி உக்ரைன் அனுப்பிய நிகழ்ச்சி. மஸ்க் சேவையை அணைக்கச் சொன்னார் என்று 2023 செப்டம்பரில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு கூறியது. சில நாள்களிலேயே நூலாசிரியர் அதைத் திருத்திக்கொண்டார். கிரிமியாப் பகுதியில் சேவை தொடக்கத்திலிருந்தே இயக்கப்படவில்லை, அதை ஸெவஸ்தபோல் வரை நீட்டித்துத் தருமாறு உக்ரைன் அவசரமாகக் கேட்டது, மஸ்க் மறுத்துவிட்டார். சம்மதித்திருந்தால் ஒரு பெரிய போர்ச் செயலுக்குத் தம் நிறுவனம் உடந்தையாகியிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டாவது, 2022 செப்டம்பர் இறுதியில் கெர்சோன் பகுதியில் உக்ரைன் எதிர்த்தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தபோது, அங்கே சேவையைத் துண்டிக்கும்படி மஸ்க் ஆணையிட்டார் என்று ராய்ட்டர்ஸ் 2025 ஜூலையில் வெளியிட்ட செய்தி. அந்தச் செய்தி சரியல்ல என்று ஸ்பேஸ்எக்ஸ் மறுத்திருக்கிறது. எனவே இதை நிறுவப்பட்ட உண்மையாக நான் எழுத மாட்டேன்.

ஆனால் முதல் நிகழ்ச்சியில், மறுப்பவரின் கூற்றை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மிஞ்சுவது சின்ன விஷயமா? ஒவ்வொரு தட்டும் தான் நிற்கும் இடத்தை அறிந்து சொல்கிறது. எந்தக் கட்டத்தில் நிற்கும் தட்டுக்குச் சேவை உண்டு, எந்தக் கட்டத்தில் இல்லை என்பதை நிறுவனத்தின் மென்பொருள் முடிவுசெய்கிறது. கைப்பற்றிய நிலத்தில் எதிரி இணையத்தைப் பயன்படுத்தாதபடி தடுப்பதற்கு இந்த எல்லைக்கோடு தேவைதான். அதே கோடு, முன்னேறும் படைக்கும் வேலியாகிவிடும். இழந்த ஊரை மீட்டுக்கொண்டு உள்ளே போகும் படைப்பிரிவு, கோட்டைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். நிறுவனத்தில் யாரோ ஒருவர் கோட்டை நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். அணைத்தாரா, இயக்க மறுத்தாரா என்ற வழக்கைவிட, அந்தக் கோட்டை வரையும் கை எந்த அரசுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது.

தொடக்க மாதங்களில் நன்கொடை, நட்பு நாடுகளின் உதவி, தனியார் வாங்கிக் கொடுத்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முறைப்படி சேவையை விலைக்கு வாங்குவதாக அறிவித்தது 2023 ஜூனில்தான். போலந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் கட்டணம் செலுத்துகிறது. 2025 மார்ச்சில், தாம் அணைத்தால் உக்ரைனின் போர்முனை முழுவதும் சரிந்துவிடும் என்று மஸ்க் எழுதினார். நம்பத்தகாதவர் என்று தெரிந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுவோம் என்று போலந்தின் வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி பதில் சொன்னார். அணைக்கவே மாட்டேன் என்றும் மஸ்க் சொன்னார் என்பதை நேர்மைக்காகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஜூலை 24 அன்று, யாருடைய விருப்பமும் இல்லாமல், உள்மென்பொருள் கோளாறு ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் சேவை நின்றுபோனது. போர்முனை நெடுகிலும் இணைப்பு போய்விட்டதாக உக்ரைனின் ட்ரோன் படைத் தளபதி அப்போது அறிவித்தார்.

எதிரியும் கடையில் இந்தக் கருவியை வாங்கிக்கொள்ளலாமே?
– வாசகர், கரூர்

வாங்கினார்கள். ரஷ்யாவில் விற்பனை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாடுகள் வழியாகக் கருவிகள் ரஷ்யப் படைகளின் கைக்குப் போய்விட்டதாக உக்ரைனின் இராணுவ உளவுத்துறை 2024 பிப்ரவரியில் கூறியது. ஒரே சதுர கிலோமீட்டருக்குள் இருதரப்புத் தட்டுகளும் இருந்தால், எது யாருடையது என்று இடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதற்குத் தீர்வாக, உக்ரைன் அரசிடம் பதிவு செய்த கருவிகளுக்கு மட்டுமே அந்நாட்டில் சேவை என்ற ஏற்பாடு 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ரேஷன் அட்டை போல ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் ஆனது இதற்கு.

தனியார் செயற்கைக்கோளை எதிரி நாடு சுட்டு வீழ்த்தலாமா? சட்டம் என்ன சொல்கிறது?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

போரில் நேரடியாகப் பங்களிக்கும் பொருள், அது குடிமக்களுக்கும் பயன்படுவதாக இருந்தாலும், இராணுவ இலக்காகக் கருதப்படலாம் என்பது போர்ச் சட்டத்தின் பொது விதி. இதைச் சுட்டித்தான் 2022இல் ஐக்கிய நாடுகள் அவையில், இத்தகைய அரைக் குடிமைக் கட்டமைப்புகள் பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்று ரஷ்யப் பிரதிநிதி எச்சரித்தார். 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தின் 6ஆம் உறுப்போ, தனியார் செய்யும் விண்வெளிச் செயல்களுக்கும் அவரவர் நாடே பன்னாட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்கிறது. அப்படியானால் ஸ்பேஸ்எக்ஸின் செயலுக்கு அமெரிக்கா பொறுப்பு; ஆனால் பொறுப்பு என்பதனாலேயே அமெரிக்கா போரில் இறங்கியதாகிவிடுமா என்ற கேள்விக்கு அந்த உறுப்பில் விடை இல்லை. விண்வெளிச் செயல்கள் பெரும்பாலும் இரண்டு வல்லரசுகளின் அரசுகளிடமே இருந்த காலத்தில் எழுதிய ஒப்பந்தம் அது.

நடைமுறையில், ஆயிரக்கணக்கில் ஒன்றைச் சுட்டுப் பயனில்லை. 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தகர்த்தபோது, கண்காணிக்கக்கூடிய அளவிலேயே 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அவை எல்லா நாடுகளுக்கும் ஆபத்தாயின. ஆகவே தரையிலிருந்து அலைகளைக் குழப்பும் வழியையே நாடுகிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மகேந்திரகிரிக்கும் இந்த விவகாரத்துக்கும் தொடர்பு உண்டு என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?
– வாசகர், பணகுடி

உங்கள் மகன் சரியாகத்தான் சொல்கிறான். ஸ்டார்லிங்குக்குப் போட்டியான ஒன்வெப், 2022 மார்ச் தொடக்கத்தில் 36 செயற்கைக்கோள்களை ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் ஏற்றி, கசகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் தயாராக வைத்திருந்தது. அந்நிறுவனத்தில் பிரிட்டிஷ் அரசுக்கும் நம் நாட்டு பார்தி குழுமத்துக்கும் பங்கு இருந்தது. இராணுவத்துக்குப் பயன்படாது என்ற உறுதிமொழி வேண்டும், பிரிட்டன் தன் பங்கை விற்றுவிட வேண்டும் என்று ரஷ்ய விண்வெளி அமைப்பு நிபந்தனை போட்டது. ராக்கெட்டின் முகப்பில் வரைந்திருந்த அமெரிக்க, பிரிட்டிஷ், ஜப்பானியக் கொடிகளை ஊழியர்கள் வெள்ளையாக மறைக்கும் காணொளியையும் அதன் தலைவர் வெளியிட்டார். இந்தியக் கொடியை விட்டுவைத்திருந்தார்கள். ஒன்வெப் பணியவில்லை, அந்த 36 செயற்கைக்கோள்கள் பைக்கனூரிலேயே சிக்கிக்கொண்டன.

பிறகு இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் 2022 அக்டோபர் 23 அன்றும் 2023 மார்ச் 26 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, தடவைக்கு 36 வீதம் 72 ஒன்வெப் செயற்கைக்கோள்களை விண்ணில் சேர்த்தது. அந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் இயந்திரங்களைச் சோதிக்கும் இடம் மகேந்திரகிரி. ஒரு போர் அறுத்த வணிகத்தின் மறுமுனை உங்கள் மலையடிவாரத்தில் முடிச்சுப் போடப்பட்டது.

இந்தியாவில் அந்தப் பொத்தான் யாரிடம் இருக்கும்?
– வாசகர், இராமநாதபுரம்

நம் அரசு இதைக் கொஞ்சம் கவனமாகவே கையாண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஏறத்தாழ 6 டன் போதைப்பொருளுடன் பிடிபட்ட மியன்மார் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அடுத்த மாதம் மணிப்பூரில் கைப்பற்றிய ஆயுதங்களோடு அதே அடையாளம் பொறித்த கருவியும் கிடைத்தது. இந்தியாவின் மேல் தம் செயற்கைக்கோள்களின் அலைவீச்சு அணைக்கப்பட்டே உள்ளது என்று மஸ்க் விளக்கம் தந்தார்.

2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை பாதுகாப்பு விதிகளை வெளியிட்ட பிறகே, ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்தது. அரசு கேட்கும் இடத்தில் சேவையைத் துண்டிக்கும் வசதி இருக்க வேண்டும். பதிவு செய்யாத வெளிநாட்டுக் கருவி இங்கே இயங்கக் கூடாது. நில எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் வரையும், கடற்பக்கம் 200 கடல் மைல் வரையும் சிறப்புக் கண்காணிப்பு வலயம். இராமநாதபுரத்திலிருந்து எழுதும் உங்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனை நெருக்கமானது: பாம்பனிலிருந்து புறப்படும் படகில் ஒருநாள் இந்தத் தட்டைப் பொருத்தினால், கரையை விட்டு நகரும் முன்பே அது அந்த வலயத்துக்குள்தான் இருக்கும்.