குரு தேக் பகதூரின் பாடல்களை வாசிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

'காஹே ரே பன் கோஜன் ஜாயீ' என்ற பாடலிலிருந்து தொடங்குங்கள். தனாசரி ராகத்தில் வரும் சின்னப் பாடல். கடவுளைத் தேடி ஏன் காட்டுக்குப் போகிறாய், பூவில் மணமும் கண்ணாடியில் உருவமும் இருப்பதுபோல அவன் உனக்குள்ளேயே இருக்கிறானே என்று கேட்கிறார். பிரஜ் பாஷையை (இந்தியின் பழைய இலக்கிய வழக்கு) ஒட்டிய எளிய மொழி. கொஞ்சம் இந்தி தெரிந்தாலே பாதி புரிந்துவிடும்.

சீக்கியர்களின் ஒன்பதாவது குரு அவர். 1621இல் அமிர்தசரஸில் பிறந்தார், ஆறாவது குருவான ஹர்கோவிந்தின் கடைசி மகன். 1635இல் கர்தார்பூர் போரில் வாளேந்திய பையன், பிறகு பகாலா என்ற ஊரில் பல ஆண்டுகள் தியானத்தில் ஒதுங்கியிருந்தார். 1664இல் குரு பொறுப்பு அவரைத் தேடி அங்கேயே வந்தது.

அவர் பாடியவை 59 சபத்கள் (இசைப்பாடல்கள்), 57 சலோகங்கள் (ஈரடிப் பாக்கள்). சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பில் ஜெய்ஜெயவந்தி ராகத்தில் பாடியவர் இவர் ஒருவர்தான். (நம் த்விஜாவந்திக்கு நெருங்கிய உறவான ராகம்.)

சலோகங்களை முதன்முதலில் படிக்கும்போது சோர்வு தட்டலாம். உலகம் நீர்க்குமிழி, மணல் சுவர், கனவு என்று திரும்பத் திரும்ப வரும். ஆனால் இதைப் பாடியவர் துறவி இல்லை. மனைவி, மகன், ஊர் ஊராகப் பயணம், பஞ்சாபின் ஆனந்த்பூர் சாகிப் நகருக்கு அடித்தளம் என்று வாழ்ந்தவர். உலகத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை, அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் விடச் சொல்கிறார்.

பதினாறாவது சலோகத்தில் சற்று நில்லுங்கள். யாரையும் அச்சுறுத்தாதவன், யாருக்கும் அஞ்சாதவன், அவனையே ஞானி என்று சொல் மனமே என்கிறது. எல்லோரும் அஞ்சாமையைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் பாதிதான் பெரிது. வாள் பிடிக்கத் தெரிந்தவர், பின்னால் பெரும் கூட்டம் உள்ளவர், பிறரை அச்சுறுத்தாமையை முதலில் வைக்கிறார்.

இதை அவர் வாழ்ந்தும் காட்டினார். மதம் மாறச் சொல்லி நெருக்கப்பட்ட காஷ்மீர பண்டிதர்கள் 1675இல் அவரிடம் முறையிட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அவர்கள் அணிந்த திலகமும் பூணூலும் அவருடைய நெறி சார்ந்தவை அல்ல. ஆனாலும் அவர்களுக்காக நின்றார். ஔரங்கசீப் ஆட்சியில், டெல்லி சாந்தினி சௌக்கில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று சீஸ்கஞ்ச் குருத்வாரா இருக்கிறது.

முடிந்தால் முதலில் கீர்த்தனையாகக் கேளுங்கள், அப்புறம் வாசியுங்கள். சலோகங்களை மட்டும் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படியுங்கள். கிரந்தத்தை முழுதாக வாசித்து நிறைவு செய்யும்போது குருத்வாராக்களில் அவற்றை அப்படித்தான் ஓதுகிறார்கள்.