அடையாளம் கேட்டு ஒரு வருடமாக ஜெபிக்கிறேன், பதிலே இல்லை

கேள்வி: எனக்கு வயது 24, வேலையில் இருக்கிறேன். ஒரு வருடமாகக் கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் வந்து வந்து போகிறது. நற்கருணை ஆராதனையில் உட்கார்ந்தால் இதுதான் என் வழி என்று தோன்றுகிறது, மறுநாள் காலையில் பயம் வந்துவிடுகிறது. இது உண்மையான இறையழைத்தலா, வெறும் உணர்ச்சியா?

முதலில் அந்த அடையாளம் கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். கேட்பது தப்பில்லை. ஆனால் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் ஜெபம் வெறும் காத்திருப்பாகிவிடும், அப்புறம் காலண்டர் வசனத்திலும் பேருந்து எண்ணிலும்கூடக் கடவுளின் கையெழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவோம். விவிலியத்தில் சிறுவன் சாமுவேலைக் கடவுளே பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்படியும் அவர் மூன்று முறை எழுந்து ஓடியது குரு ஏலியிடம்தான்.

இதில் எனக்குத் தெரிந்து அதிகம் உதவுவது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் அனுபவம். 1521இல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலாவில் படுக்கையில் கிடந்தார். வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும். படிப்பதை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கும்போது இரண்டு விதமான கனவுகள் வந்தன: ஒரு சீமாட்டிக்காக என்னென்ன சாகசம் செய்யலாம் என்பது ஒன்று, பிரான்சிஸ், தோமினிக் செய்ததை நானும் செய்தால் என்ன என்பது இன்னொன்று. நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்தபின் மனம் வறண்டது, இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அவர் கவனித்தது அந்தப் பின்சுவையைத்தான். ஆக, உங்கள் ஆராதனை நேரத்துப் பரவசமும் சாட்சியில்லை, காலைப் பயமும் எதிர்ச்சாட்சியில்லை. இரண்டும் அடங்கியபின் மூன்றாம் நாள் எது மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

அதைப் பார்க்க ஒரு நோட்டு போதும். தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம், நற்செய்தியில் ஒரு சின்னப் பகுதி. கடைசி ஐந்து நிமிடம் மனதில் இருப்பதை அப்படியே கடவுளிடம் சொல்லுங்கள், எனக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது என்பது உட்பட. (பக்தியாகப் பேச வேண்டும் என்று அதை மறைப்பவர்கள்தான் பின்னால் சிரமப்படுகிறார்கள்.) முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள். உதாரணமாக: "மாற்கு 10, செல்வந்தர். அவர் வருத்தத்தோடு திரும்பிப் போகும் இடத்தில் நின்றுவிட்டேன், எரிச்சலாக இருந்தது. சாயங்காலமும் அது மனதில் ஓடியது, எரிச்சல் இல்லை, ஏதோ ஒரு இழுப்பு." இதுபோல இரண்டு மூன்று மாதம்.

பயத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். திருமணம், குழந்தை, சொந்தச் சம்பளம் போய்விடுமே என்ற பயம் ஆரோக்கியமானது, விலை என்னவென்று தெரிந்துதான் யோசிக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுத்தால் கடவுள் தண்டிப்பார் என்ற பயம் வேறு வகை, அழைத்தல் மிரட்டலாக வருவதில்லை, அதை நம்பி மடத்துக்குப் போகாதீர்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலையில் வெறுப்பு, வீட்டில் சண்டை, முறிந்த காதல் என்று ஏதாவது பின்னால் இருந்தால், அது நாளைக்கே சரியாகிவிட்டாலும் இந்த எண்ணம் நிற்குமா?

வறட்சியில் இருக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் பிரபலமான விதி. மறுபக்கத்தையும் அவர் சொல்லியிருக்கிறார்: ஆறுதல் பொங்கும் வேளையில் ஒருவரை அவசரப்பட்டு வாக்குக் கொடுக்க வழிகாட்டி விடக்கூடாது. ஆராதனை முடிந்த கையோடு எந்தத் துறவறச் சபைக்கும் விண்ணப்பம் எழுதாதீர்கள்.

ஆன்ம வழிகாட்டி ஒருவர் கட்டாயம் தேவை. ஒரு சபைக்கு ஆள் சேர்க்கும் சகோதரி நல்லவராகவே இருப்பார், ஆனாலும் அவரை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்களிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஒருவரையும் தேடுங்கள்.

ஒரு நிம்மதியான விஷயம்: வாழ்நாள் முழுக்கவா என்ற கேள்விக்கு உங்கள் ஜெபம் இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை. திருச்சபைச் சட்டப்படி நவதுறவகம் (துறவு வாழ்வின் தொடக்கப் பயிற்சிக் காலம்) குறைந்தது 12 மாதம், அந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வரலாம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாழ்வுக்கான வாக்குறுதி, குறைந்தது 3 வருடம், அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. சபையும் உங்களைச் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்கும். அதனால் இப்போதைக்கு ஜெபத்தில் அடுத்த அடியை மட்டும் கேளுங்கள்: நான்கு நாள் ஒரு மடத்தில் தங்கிப் பார்க்கலாமா, வேண்டாமா?

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை வழிகாட்டியிடம் எடுத்துப்போங்கள். பயந்த நாட்களின் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள், அவர் முதலில் படிக்க விரும்புவது அவற்றைத்தான்.